சரிந்த படம்

ஜனவரி 2, வியாழன்

காலையிலிருந்து தூறல். அம்பிட்டிய ரோட்டில் பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தேன்.

கடையில் கொடுத்த டயரி இது. அட்டையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி சிரிக்கிறாள். கண்ணாடிக் கடையில் வேலை என்றால் இப்படித்தான். கலண்டர், பேனா, கைப்பை, எல்லாவற்றிலும் யாராவது கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். போன வருட டயரி பெப்ரவரியிலேயே நின்றுபோனது. இந்த முறை கமரா விஷயம் மட்டும் எழுதுவதாக முடிவு. எடுத்தது, கெடுத்தது. வேறு ஒன்றும் இல்லை.

மாலை ஏரிக்கரை. மதில்மேல் ஒரு நீர்க்காகம், சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு. குனிந்து, குந்தி, கடைசியில் தரையிலேயே உட்கார்ந்து எடுத்தேன். கடலை விற்கிறவர் பக்கத்து ஆளிடம் சிங்களத்தில், “மே நோனாட்ட பிஸ்ஸுத?” எனக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தார் போல. பைத்தியமா என்று நானே அடிக்கடி கேட்டுக்கொள்வதுதான். திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் உட்கார இடமில்லை. கதிரைகளில் எல்லாம் சேலைப் பெட்டிகள். தங்கை ஜெனிக்கு (இனி ஜெ., எழுதக் கை வலிக்கிறது) இந்த மாதம் 25இல் கல்யாணம். பூசை ஹுன்னஸ்கிரியவில். மாப்பிள்ளை நிரோஷன் அங்கே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். அந்தத் தோட்டத்து மாதா கோயிலில்தான் தாலி. சாப்பாடு கண்டியில் ஒரு கல்யாண ஹோலில். அம்மா யார் யாரைக் கூப்பிடுவது என்று எழுதுகிறாள், கிழிக்கிறாள், மறுபடி எழுதுகிறாள்.

கமரா விஷயம் மட்டும் என்றேன். முதல் நாளே மீறியாச்சு.

ஜனவரி 5, ஞாயிறு

பூசை. பாண் துண்டுகள், பருப்பு, கட்டச்சம்பல். பின்னேரம் வகுப்பு.

வகுப்பு என்றால் கமரா வகுப்பு, டவுனில் ஒரு டியூஷன் டியூட்டரியின் மாடி அறையில். நடத்துவது இம்தியாஸ். அலவத்துகொடயில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். பெண்கள் எல்லோரும் அவனுக்கு மிஸ். மரியாதையாகப் பேசியே மானத்தை வாங்குவான்.

என் நீர்க்காகத்தைச் சுவரில் பெரிதாகப் போட்டான். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

“மிஸ், ஏரி சரிஞ்சீக்கிது. தண்ணியெல்லாம் இந்தப் பக்கத்தால ஊத்திரும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும். காது மட்டும் சூடு. எப்போதும் இதுதான் எனக்கு. வெளிச்சம் சரி, கூர்மை சரி, படம் மட்டும் சரிந்து. நான் ஒற்றைக் காலில் நிற்கிறேனாம், எந்த நேரமும் ஓட ஆயத்தமாக. அவன் சொன்னது உண்மை. அதனால்தான் சுட்டது.

வீட்டுக்கு வந்ததும் லாப்டொப். நேராக்குவதென்றால் படத்தைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். திருப்பினால் ஓரங்கள் வெட்டுப்படும். ஏரி நேராகிவிட்டது. நீர்க்காகத்தின் ஒரு சிறகு போய்விட்டது. பரவாயில்லை, நேர்தான் முக்கியம். அந்த வேகத்தில் பழைய படங்களையும் ஒவ்வொன்றாக நேராக்கினேன். மணிக்கூட்டுக் கோபுரம், கட்டுகஸ்தோட்டைப் பாலம், போன ஈஸ்டருக்கு எடுத்த அம்மா. அம்மாவின் முழங்கை போனது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். சோறு ஆறிப்போனது.

ஜனவரி 8, புதன்

வெயில். கடையில் கூட்டம். பள்ளிக்கூடம் தொடங்க முன்னர் பிள்ளைகளுக்குக் கண் காட்ட வருகிறார்கள்.

கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் பேசியிருந்த ஆள் ஜெ.வுக்குப் போன் பண்ணினாராம். அன்று காலை இன்னொரு கல்யாணம், தவறிப்போய் இரண்டையும் ஒப்புக்கொண்டுவிட்டார். ஹோலுக்கு வருவார், கோயிலுக்கு வரமாட்டார். அம்மா அவருடைய பரம்பரை முழுவதையும் திட்டி முடித்தாள்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஜெ. வந்து கதவில் சாய்ந்தாள்.

“அக்கா, கோயில்ல நீ எடு.”

“எனக்கு ஏலாது.”

“வேற யாரையும் கூப்பிட மாட்டேன்.”

“ஏரியே சரியுதாம் எனக்கு. கோயிலும் சரிஞ்சா?”

“சரிஞ்சா சரியட்டும். தாலி கட்டுற நேரம் ஒரே ஒரு படம். அது போதும். மத்தது எதுவும் வராட்டியும் பரவால்ல.”

சரி என்றேன். பிறகு அறைக்குப் போய், ஏன் சரி என்றேன் என்று யோசித்தேன். யாரும் பார்க்கப்போவதில்லை, எழுதலாம். எனக்கு நாற்பத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. அக்காவுக்கு முதலில் ஆகட்டும் என்று ஜெ. இரண்டு வருடம் நிரோஷனைக் காக்க வைத்தாள். கடைசியில் நான்தான் சண்டை பிடித்து நாள் குறிக்க வைத்தேன். பொறாமை துளியும் இல்லை. ஆனால் அன்றைக்கு எல்லாக் கண்ணும் முதலில் மணப்பெண்ணைப் பார்க்கும், அடுத்ததாக என்னைப் பார்க்கும். அதுதான் தாங்க முடியாது. கமரா கையிலிருந்தால் நான் வேலையாக இருப்பேன். வேலையாக இருக்கிறவளிடம் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

பயம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. இன்னொரு பிளேன்டீ.

ஜனவரி 10, வெள்ளி

கடையில் பயிற்சி. மத்தியானம் ஆள் இல்லாத நேரம் ஃபிரேம் மாட்டி வைக்கும் பொம்மைத் தலையை ஜன்னலோரம் வைத்தேன். அதுதான் மணப்பெண். மாப்பிள்ளை சிவகௌரி அக்கா. எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடியில் கட்டித் தொங்கவிடும் கயிறுதான் தாலி.

“ஓம் ஓம், கட்டுறன். எத்தினை தரம் கட்டிறது? பொம்பிளை மூச்சுத் திணறிச் சாகப் போகுது.”

“இன்னும் ஒருக்கா அக்கா. கை ஆடிருச்சு.”

“என்ர கை ஆடேல்லை. நீர்தான் ஒரு இடத்தில நிக்கிறீரில்லை.”

குறிப்பு: ஷட்டர் 125க்குக் கீழே போகாதே. ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு காலிலும் நில். மூச்சை விட்டுவிட்டு அழுத்து.

மனேஜர் உள்ளே வந்தபோது சிவகௌரி அக்கா பொம்மையைக் கட்டிப்பிடித்தபடி. ஒன்றும் கேட்காமல் வெளியே போய்விட்டார்.

ஜனவரி 13, திங்கள். போயா

பௌர்ணமிக்குக் கடை லீவு. ஜெ.வும் நானும் ஹுன்னஸ்கிரிய, கோயில் பார்க்க. மஹியங்கனை பஸ். தெல்தெனிய தாண்டியதும் குளிர். பின் சீற்றில் ஒரு ஐயா ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார். கமரா பிடித்த கை வெளியே நீட்டியபடி நான்.

கோயில் சின்னது. தகரக் கூரை, தாழ்வு. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. திறந்தால் நேரே தேயிலை. அந்தக் கதவடியில் நின்றால் தாலி கட்டுகிறவர், வாங்குகிறவள், இருவர் முகமும் தெரியும். என் இடம் அதுதான். ஜெ.வை முழந்தாளிட வைத்துப் பார்த்தேன். வெளிச்சமும் நல்லது.

கதவைத் திறந்தபோது மேலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. தேயிலை வரிசை வரிசையாக மறைந்தது. ஜெ. கூப்பிடக் கூப்பிட மேட்டில் ஏறிவிட்டேன். செருப்பெல்லாம் சேறு, கணுக்காலில் ஒரு அட்டை. ஆனால் இந்த வருடம் எடுத்ததில் எனக்கே பிடித்த படம் அங்கேதான் கிடைத்தது. கை கால் எல்லாம் ஒரு துள்ளல். இதற்காகத்தானே கமரா வாங்கினேன் என்று இருந்தது.

இறங்கி வந்தால் நிரோஷனின் பெரியம்மா. தெல்தோட்டையிலிருந்து கல்யாண வேலைக்கென்று முன்கூட்டியே வந்து இறங்கியிருக்கிறார். கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினார்.

“நீதானா மூத்தவ?”

“ஆமாங்க.”

“தங்கச்சிக்கு முடியுது. ஒனக்கு எப்பம்மா?”

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் பாக்கணும்” என்று கமராவைத் தூக்கினேன். வேலை செய்தது. கேள்வி மறந்துபோய், சேலையை இழுத்துவிட்டு விறைப்பாக நின்றார். பிறகு தன் போனை எடுத்தார். “நானும் எடுப்பேன்ல. மகென் டுபாய்லருந்து அனுப்புன போனு.” இரண்டு கையாலும் போனைப் பிடித்து, மூச்சைப் பிடித்து, என்னை எடுத்துக் காட்டினார். படத்தில் கோயில் கூரை மட்டும். அதுவும் சரிந்து.

என்னைவிட மோசமாக எடுக்கிற ஒருவர். கொஞ்சம் ஆறுதல்.

ஜனவரி 19, ஞாயிறு

வகுப்பு. இம்தியாஸ் பனிப் படத்தைச் சுவரில் போட்டான். தலையைச் சாய்க்கவில்லை.

“மாஷா அல்லாஹ், மிஸ். நேரா ஈக்கிது.”

நேராக்கியதை நான் சொல்லவில்லை.

மார்ச் மாதம் வகுப்பில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு படம் பெரிதாக்கி மாட்டப் போகிறோம். இதையே மாட்டலாமா என்றேன். “நல்லம்தான். ஆனா இதுக்குள்ள ஒராள் வேணும் மிஸ். தூரத்துல, சின்னதா. இன்னொருக்கா போனா பாருங்க.” அப்போதிருந்து அந்தத் தூரத்து ஆள் தலைக்குள் நின்றுகொண்டு போகமாட்டேன் என்கிறது.

கல்யாணத்தைப் பற்றிச் சொன்னதும் தன்னுடைய லென்ஸ் ஒன்றை இரவல் தந்தான். நல்ல மனது. கூடவே ஒரு எச்சரிக்கை. “வெளிய குளிருல நிண்டுட்டு அப்பிடியே உள்ளுக்கு வந்தா லென்ஸ் வேர்க்கும். தொடச்சாலும் திரும்ப வேர்க்கும். நேரத்தோட உள்ள வந்து நில்லுங்க மிஸ்.”

யாரிடம் சொல்கிறான்? நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணாடி துடைக்கிறவள் நான். ஏசிக் கடையை விட்டு வெளியே போனதும் ஒன்றும் தெரியாமல் படியில் தடுமாறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தெரியும் தெரியும் என்றேன்.

ஜனவரி 24, வெள்ளி

நாளைக்கு.

பற்றரி இரண்டு. கார்ட் இரண்டு. இம்தியாஸின் லென்ஸ். கடையிலிருந்து மஞ்சள் துணி. நீலச் சேலை. ஜாக்கெட் கை இறுக்கம். கமராவைத் தூக்கிப் பார்த்தேன், கிழியவில்லை.

மாமா (அம்மாவின் தம்பி, ஜெ.வைக் கைபிடித்து உள்ளே கூட்டிப்போகப் போகிறவர்) வந்து சேர்ந்தார். அம்மா செபமாலையும் கையுமாக, நடுநடுவே அப்பளம் போதுமா என்று கேட்டபடி.

ஜெ. என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். நகப்பூச்சு காயவில்லை, விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு.

“நாளைக்கு என்கூடயும் ஒரு படத்துல நிக்கணும், சரியா?”

“நான் நின்னா எடுக்கிறது யாரு?”

“அதெல்லாம் தெரியாது.”

பற்றரியை மறுபடி சார்ஜில் போட்டேன். அது ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

ஜனவரி 25, சனி

முடிந்தது. எல்லோரும் நலம். கால் வலி.

தாலிப் படம் இல்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. லென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எப்படிப் போனது என்று கேட்பான்.

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

இருட்டோடே வேனில் போனோம். கோயில் நிறைந்து வழிந்தது. வெளியே தூறல், உள்ளே ஈரச் சேலைகள், மெழுகுதிரிகள், சாத்திய ஜன்னல்கள், வேர்த்துக் கொட்டியது. பூசை தொடங்க முன்னரே ஃபாதர் சொல்லிவிட்டார்: யாரும் போனைத் தூக்கக் கூடாது, படமெடுக்க ஒரு கமரா போதும். அந்த ஒரு கமரா நான். அம்மா பெருமையாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஜெ. மாமாவின் கையைப் பிடித்து வந்தது கிடைத்தது. நிரோஷன் எச்சில் விழுங்கியது கிடைத்தது. எல்லாம் நேராகக்கூட.

பிறகு பிரசங்கம். இந்த ஃபாதர் தொடங்கினால் லேசில் நிறுத்த மாட்டார் என்று நிரோஷன் சொல்லியிருந்தார். கமராவை இறக்கினேன். இறக்கியதும் முன்வரிசையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளின் காதில் ஏதோ சொன்னாள். சேலையைப் பற்றிக்கூட இருக்கலாம். எனக்கு நிற்க முடியவில்லை. பக்கத்துக் கதவின் இடுக்கால் பார்த்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. கீழே பாதையில் பச்சைக் குடையோடு ஒரு பெண் ஏறி வந்தாள், கல்யாணத்துக்குப் பிந்தி வருகிறவள். தூரத்தில், சின்னதாக.

போனேன்.

மேட்டில் ஏறி அவளை எடுத்தேன். பனி வந்து மூட, விலக, மறுபடி மூட, எடுத்துக்கொண்டே இருந்தேன். கோயிலுக்குள்ளிருந்து ஃபாதரின் குரல் கேட்டது. பிறகு கேட்கவில்லை. கேட்கவில்லை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் ஒரு அடக்கப் பூசைக்கு அவர் போக வேண்டியிருந்ததாம், சுருக்கமாக முடித்துவிட்டார்.

ஓடினேன். கதவைத் திறந்தபோது வார்த்தைப்பாடு முடிந்து, மோதிரம் முடிந்து, ஃபாதர் தாலியை மந்திரித்து நிரோஷனின் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னும் நேரம் இருந்தது. இரண்டு காலிலும் நின்றேன். மூச்சை விட்டேன். கமராவைத் தூக்கினேன்.

வெள்ளை.

மஞ்சள் துணியால் துடைத்தேன். ஒரு கணம் ஜெ.வின் முகம் தெரிந்தது, மறுபடி வெள்ளை. மறுபடி துடைத்தேன். வெள்ளை. அழுத்தினேன், வெள்ளையையே அழுத்தினேன். பிறகு தூக்கவில்லை.

ஜெ. குனிந்தாள். நிரோஷனின் தங்கை அவளுடைய நெட் முக்காட்டை ஒதுக்கிப் பிடித்தாள். நிரோஷன் கயிற்றைக் கழுத்தில் சுற்றினார். முடிச்சு விழும்போது ஜெ. குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி என் பக்கம் பார்த்தாள். நானும் பார்த்தேன். எவ்வளவு அழகாக இருந்தாள். சின்ன வயதில் தலை பின்னிவிடும்போது இப்படித்தான் குனிவாள்.

வாசலுக்கு வந்ததும் ஜெ. என் கையைப் பிடித்து இழுத்தாள். “வா, இங்க நில்லு.” மாமா கமராவை வாங்கக் கையை நீட்டினார். அதற்குள் பெரியம்மா ஒரே சத்தம்.

“மூணு பேரு நிக்காதீங்க! நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆவாது! நாலாவதா ஆள் வரட்டும்!”

நடுவில் நின்றது ஜெ., அந்தப் பக்கம் நிரோஷன். நான் உடனே விலகிக்கொண்டேன். விலகக் காரணம் கிடைத்ததில் ஒரு நிம்மதி, அதையும் எழுதத்தான் வேண்டும். நாலாவது ஆளைத் தேடுவதற்குள் மழை பிடித்துவிட்டது.

வேனில், கூறைச் சேலை மாற்றிக்கொண்டு வந்த ஜெ. கேட்டாள். “வந்துச்சா அக்கா?”

“இல்ல ஜெனி. வெளிய போயிட்டேன். லென்ஸ் மூடிருச்சு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்டி வரும் வரைக்கும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே வந்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஹோலில், படமெடுக்க வந்தவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “இதெல்லாம் ஒரு பிரச்சினையா? இங்கயே ஒருக்காக் கட்டுற மாதிரிக் காட்டுங்க. எல்லாரும் செய்யிறதுதான்.” எனக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் போனது.

“என்ன பேச்சு பேசுறீங்க?” பெரியம்மா பந்தியிலிருந்து எழுந்தே விட்டார். “ஏறுன தாலிய எறக்கிக் கட்டுறதா? தாலிய எப்ப எறக்குவாங்கன்னு தெரியாதா ஒங்களுக்கு?”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “ஒரே ஒரு வேல குடுத்தோம்.”

அவ்வளவுதான் சொன்னாள். இன்றைக்கும் அது மட்டும்தான் காதில்.

ஜனவரி 28, செவ்வாய்

மழை இல்லை, வெயிலும் இல்லை. கடையில் ஒருவருக்கு இடது லென்ஸை வலதில் போட்டுக் கொடுத்துவிட்டேன். திரும்பி வந்து கத்தினார். நியாயம்.

கார்டைத் திறந்து பார்த்தேன். பச்சைக் குடை அற்புதமாக வந்திருக்கிறது. கோபமே அதுதான். கெட்டுப்போயிருந்தால் கொஞ்சம் அழுதுவிட்டு விட்டிருப்பேன்.

ஜனவரி 30, வியாழன்

மத்தியானம், சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தது. கல்யாணத்துக்கென்று தொடங்கிய வட்ஸ்அப் குரூப். பெரியம்மா ஒரு படம் போட்டிருக்கிறார். கூடவே குரலில் ஒரு செய்தி:

“இது நான் புடிச்சது. பாட்டுப் பொஸ்தகத்துக்குப் பின்னுக்குப் போன வச்சிக்கிட்டு எடுத்தேன். ஃபாதர் ஏசுவாருன்னு இம்புட்டு நாளும் மூச்சு விடல. அந்தப் புள்ள மொகம் வாடிப் போனத நெனச்சா மனசு கேக்கல. ஃபாதர்ட்ட சொல்லிராதீங்க சாமி!”

தாலி. நிரோஷனின் விரல்கள், கயிறு, முடிச்சு, குனிந்த ஜெ., உயர்ந்த கண். எல்லாம் இருக்கிறது. ஹோலில் அந்தச் சத்தம் போட்டபோதும் இது அவருடைய கைப்பைக்குள்தான் இருந்திருக்கிறது!

குரூப்பில் ஒரே ஆரவாரம். அம்மா போன் பண்ணி அழுதாள். மாமா கைதட்டும் பொம்மைகளாக அனுப்பினார்.

படம் பயங்கரமாகச் சரிந்திருக்கிறது. பீடம் விழப்போகிறது, மெழுகுதிரிகள் எல்லாம் ஒரு பக்கம் படுக்கின்றன. இம்தியாஸ் பார்த்தால் கழுத்துச் சுளுக்கும்.

சிவகௌரி அக்கா என் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“இந்தக் கரையில நிக்கிறது ஆர்? நீரோ?”

நான்தான். கவனிக்கவே இல்லை. வலது ஓரத்தில், திறந்த கதவுக்கு முன்னால், பின்னால் வெள்ளையாகப் பனி. கமரா வயிற்றடியில் தொங்குகிறது. கையில் மஞ்சள் துணி. தலையெல்லாம் ஈரம். வாய் பாதி திறந்து, சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. ஜெ.வின் கண் போகும் இடத்தில் நான் நிற்கிறேன்.

“வடிவா இருக்கிறீர்” என்றார் சிவகௌரி அக்கா. கேலி இல்லை.

போனை வாங்கிப் பைக்குள் போட்டேன். பிறகு எடுத்துப் பார்த்தேன். மறுபடி போட்டேன்.

பெப்ரவரி 2, ஞாயிறு

ஜெ.வும் நிரோஷனும் விருந்துக்கு வந்தார்கள். கோழிக்கறி, அப்பளம் (போதவில்லை).

சாப்பிட்டதும் ஜெ. லாப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். நான் கோயிலில் எடுத்தது, ஹோல்காரர் எடுத்தது, ஆட்கள் போனில் எடுத்தது. நான் எழுந்து தண்ணீர் குடித்தேன், ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன்.

“ஒரு எடத்துல இருக்காளா பாரு” என்றாள் அம்மா.

ஜெ. தலையைத் தூக்கினாள். “எல்லாரும் இருக்காங்க. சாப்பாடு போட்ட ஆள்கூட இருக்காரு. நீ எதுலயும் இல்ல.”

“எடுத்தது நான்ல?”

“ஹோல்ல நீயா எடுத்த?”

ஹோலில் நான் தண்ணீர் போத்தல் அடுக்கிக்கொண்டிருந்தேன். படமெடுக்கிறவர் பக்கம் திரும்பும்போதெல்லாம் தூணுக்குப் பின்னால்.

பெரியம்மா அனுப்பிய படத்தைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நிரோஷனும் எட்டிப் பார்த்தார்.

“இதத்தான் பெருசாக்கி மாட்டப்போறோம். நீயே ரெடி பண்ணி இம்தியாஸ் சேர்ட்ட குடு.”

தாலிப் படம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. போகும்போது வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து, விடாமல் நின்றாள். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. ரோட்டில் எங்கும் கொடி. அம்மா தூக்கம்.

லாப்டொப்பில் படம். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினேன். ஜெ.வின் முகத்தில் விழுந்திருந்த மெழுகுதிரி மஞ்சளைக் கொஞ்சம் குறைத்தேன். இனி நேராக்க வேண்டும். திருப்பினேன். பீடம் எழுந்து நின்றது, மெழுகுதிரிகள் எழுந்து நின்றன. அழகான படம். நல்ல ஸ்டூடியோக்காரர் எடுத்தது என்றே சொல்லலாம்.

வலது ஓரத்தில் மஞ்சள் துணி மட்டும் மிச்சம். துணியைப் பிடித்திருந்தவள் போய்விட்டாள்.

யாருக்கும் தெரியாது. ஜெ. கேட்டாலும் சொல்லிக்கொள்ளலாம், நேராக்கியதில் வெட்டுப்பட்டது என்று. உண்மையும் அதுதான். எழுந்து நடந்தேன். பிளேன்டீ ஊற்றினேன், குடிக்கவில்லை. வந்து உட்கார்ந்தேன். திருப்பியதை அழித்தேன். பீடம் மறுபடி சாய்ந்தது. கதவடியில் நான் வந்து நின்றேன், நனைந்த தலையோடு.

அப்படியே இம்தியாஸுக்கு அனுப்பினேன்.

உடனே பதில். “மிஸ், இது நல்லாச் சரிஞ்சீக்கிதே. நேராக்கி பிரின்ட் போடட்டா?”

“தெரியும். அப்படியே போடுங்க.”